கூர் யார் கையில்?

சவரக்கத்தியைத் தீட்டுக்கல்லில் படுக்கவைத்தால் அதன் முதுகும் வாயும் ஒருசேரக் கல்லைத் தொடும். சமையல் கத்தியைத் தீட்டுபவர் சாய்வைத் தாமே கணித்து மணிக்கட்டை அசையாமல் நிறுத்தவேண்டும். சவரக்கத்தியில் அந்தக் கணக்கு உலோகத்துக்குள்ளேயே இருக்கிறது. முதுகின் தடிமனும் அலகின் அகலமும் சேர்ந்து கூரின் கோணத்தைச் சுமார் 16, 17 டிகிரியில் நிறுத்திவிடுகின்றன. தீட்டத் தீட்ட வாயோடு முதுகும் தேய்வதால் பல வருடம் புழங்கிய கத்தியிலும் அந்தக் கோணம் பெரிதாக மாறுவதில்லை. கைக்கருவிகளில் இத்தனை அறிவான வடிவம் அரிது.

ஜெர்மனியின் ஸோலிங்கன் நகரத்துச் சாணைத் தொழிலாளர்கள் அதை மேலும் நுட்பமாக்கினார்கள். அலகின் இரு பக்கங்களையும் சக்கரத்தில் குழித்து, வாயை நோக்கி வர வர மெலிதாக்கினார்கள். அப்படி நன்றாகக் குழித்த கத்தி முடியை வெட்டும்போது அலகு அதிர்ந்து மெல்லிய ஓசை எழும். பழகிய காதுக்குக் கோணம் சரியா, கூர் மங்குகிறதா என்பதை அந்த ஓசையே சொல்லிவிடும். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் செய்த பழைய கத்திகள் ஆப்பு வடிவம். கனமானவை, சத்தமே போடாதவை. முரட்டுத் தாடிக்கு அவற்றின் நிதானம் தனி சுகம்.

ஷெஃபீல்டின் புகழுக்கு அடிப்படை 1740களில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் கண்ட மூசை எஃகு. ஆனால் மூசையில் எஃகு உருக்கும் கலை தென்னிந்தியாவில் அதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது. 'ஊட்ஸ்' என்று ஐரோப்பியர் அழைத்த அந்த இந்திய எஃகின் மாதிரிகள் 1790களில் லண்டன் ராயல் சொசைட்டிக்குப் போய்ச் சேர்ந்தன. அவற்றை அடித்துப் பார்த்தவர்களில் ஒருவர் ஜேம்ஸ் ஸ்டோடர்ட் என்ற கத்தித் தொழிலாளர். ஐரோப்பாவின் மிகச் சிறந்த எஃகைவிட இதுவே மேல் என்று தம் கடையின் விளம்பர அட்டையிலேயே அச்சிட்டு, இந்திய எஃகில் செய்த சவரக்கத்திகளை விற்றார். இதே ஸ்டோடர்ட்தான் மைக்கேல் ஃபாரடேயுடன் சேர்ந்து 1820இல் கலப்பு எஃகு ஆய்வை வெளியிட்டார். மின்சாரத்துக்காக நாம் நினைவில் வைத்திருக்கும் ஃபாரடே, தாம் உருக்கிய எஃகில் சவரக்கத்திகள் செய்வித்து நண்பர்களுக்குப் பரிசளித்திருக்கிறார். இன்னொரு இழையும் உண்டு. பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நடத்திய ஜே. எம். ஹீத், எஃகில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839இல் காப்புரிமை பெற்றார். ஷெஃபீல்டு உலைகள் அதை விரைவாக எடுத்துக்கொண்டன. பழைய ஷெஃபீல்டு கத்தி ஒன்றைக் கையில் எடுக்கும் தமிழருக்கு இவை தெரிந்திருக்க வேண்டும்.

இத்தனை பெருமை உள்ள கத்தி கேட்கும் கூலியும் பெரிது. ஒவ்வொரு சவரத்துக்கும் முன்பு தோல்வாரில் முதுகை முன்னே விட்டு, வாய் பின்னே வர இழுத்து, கோடியில் முதுகின்மேல் புரட்டித் திரும்ப இழுக்கவேண்டும். வாய்மேல் புரட்டினால் தோலும் போச்சு, கூரும் போச்சு. சில மாதங்களுக்கொருமுறை கல். பெல்ஜியத்தின் ஆர்டென் மலைப்பகுதியில் வெட்டியெடுக்கும் மஞ்சள் நிறக் கோட்டிகூல் கல்லுக்காக ஏங்குபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத கார்னெட் மணிகள் அதற்குள் இருந்து எஃகைத் தேய்க்கின்றன.

இந்த வேலையைத்தான் கிங் கேம்ப் ஜில்லெட் வீட்டைவிட்டு வெளியேற்றினார். பாதுகாப்பு ரேசரைக் கண்டுபிடித்தவர் என்று அவரைச் சொல்வது பிழை. பாரிஸின் ழான் ழாக் பெரே 18ஆம் நூற்றாண்டிலேயே கத்திக்கு மரக்காப்பு பொருத்தினார். அமெரிக்காவின் காம்ப்ஃபே சகோதரர்கள் 1880இல் ரேசர் காப்புரிமை பெற்றார்கள். அவற்றிலும் கூரைத் தீட்டத்தான் வேண்டியிருந்தது. ஜில்லெட் கேட்டது மழுங்கியதும் எறியக்கூடிய மெல்லிய தகடு. அப்படிச் செய்ய முடியாது என்றார்கள் பட்டறைக்காரர்கள். வில்லியம் நிக்கர்சன் என்ற பொறியாளர் அதற்கான இயந்திரங்களை வடித்துக் கொடுத்தார். 1903இல் ஜில்லெட் நிறுவனம் விற்றவை 51 ரேசர்கள், 168 பிளேடுகள். மறு ஆண்டில் விற்பனை ரேசர்களில் மட்டும் 90,000ஐத் தாண்டியது. முதல் உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாய்களின் பைகளில் அது ஏறியபிறகு போட்டி முடிந்தது.

ஒரு பிளேடின் தடிமன் 0.1 மில்லிமீட்டர்தான். தனியாகப் பிடித்தால் துவளும். மூடிக்கும் அடித்தட்டுக்கும் நடுவில் வைத்துக் கைப்பிடியைத் திருகும்போது அது வளைகிறது. வளைந்த தகடு விறைக்கிறது. அழகு அந்த வளைவில்தான். மற்ற வேலையெல்லாம் ஆலையில் முடிந்துவிட்டது. கைக்கு மிச்சம் இருப்பது கோணமும் அழுத்தமும்தான்: முகத்தோடு சுமார் 30 டிகிரி, ரேசரின் கனத்துக்கு மேல் அழுத்தம் கூடாது.

முடியோ எஃகைவிட ஏறத்தாழ 50 மடங்கு மென்மையானது. பிறகு ஏன் பிளேடு கெடுகிறது? அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் மின்னணு நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து 2020இல் 'சயன்ஸ்' இதழில் எழுதினார்கள்: முடி ஒரு பக்கமாக வளையும்போது, எஃகின் அமைப்பு சீரில்லாத இடங்களில் வாய் நுண்ணிய சில்லுகளாகப் பெயர்கிறது. தாடியை வெந்நீரில் ஊறவைக்கும் பழக்கம் இரண்டு கருவிகளுக்கும் பொது என்பதன் நியாயம் முடியிலேயே இருக்கிறது. நனைந்த முடி எளிதில் வெட்டுப்படும்.

நம் ஊர் சலூன்கள் நடுவழி ஒன்றைப் பிடித்தன. தொற்றுநோய் அச்சத்தால் தோல்வார் சுவரிலிருந்து இறங்கியது. பிளேடைப் பாதியாக ஒடித்துச் செருகும் கத்தி வந்தது. தீட்டும் வித்தை போய்விட்டது. ஆனால் காப்பில்லாத கூரைத் தொண்டைக்குழியின்மேல் சாய்த்துச் செலுத்தும் வித்தை அந்தக் கைகளில் அப்படியே இருக்கிறது. அது சாதாரணத் தேர்ச்சியல்ல.

ஆகவே வாங்க நினைப்பவர் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: வேண்டியது சவரமா, கூரா? வழுவழுப்பான முகமும் காலை நேர மிச்சமும் போதும் என்றால் பாதுகாப்பு ரேசர்தான். கத்திக்குப் போகும் வழியில் ஒரு படிக்கட்டாக அதை நினைப்பது அதற்குச் செய்யும் அநியாயம். மென்மையாக வெட்டும் காப்பு விளிம்புள்ள ஒன்றை எடுத்து, நான்கைந்து வகை பிளேடுகளைப் பரிசோதித்தால் முகத்துக்கு ஒத்தது தெரிந்துவிடும். தீட்டுவதிலேயே மகிழ்பவருக்குக் கத்தி. புதிய கத்தியைவிட, நல்ல நிலையில் உள்ள பழைய ஸோலிங்கன் கத்தியே மேல். 5/8 அங்குல அகலம், உருண்ட நுனி. வாயருகே துருக்குழி இருந்தால் விட்டுவிட வேண்டும். முதுகு அளவுக்கு மீறித் தேய்ந்து தட்டையாகியிருந்தாலும் வாங்கக்கூடாது. கோணத்தைக் காத்த கணக்கு அதில் அழிந்துபோயிருக்கும். விற்பவர் சம்மதித்தால், சமமான கண்ணாடித் தட்டின்மேல் கத்தியை வைத்து அலகு திருகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசு கொடுக்கலாம்.