பெயர்ப் பட்டியல் சொல்லாதது

ஒரு கிளையை மெயினோடு இணைக்கும்முன் எந்தெந்தக் கோப்புகள் மாறியிருக்கின்றன என்று பார்ப்பது கிட் பயன்படுத்துவோரின் நல்ல பழக்கம். ‘கிட் டிஃப்’ கட்டளையோடு ‘நேம்-ஒன்லி’ சேர்த்தால் பெயர்கள் மட்டும் வரும். ‘நேம்-ஸ்டேட்டஸ்’ சேர்த்தால் புதியதா, திருத்தியதா, நீக்கியதா என்ற ஓரெழுத்துக் குறியும் உடன் வரும். நாற்பது பெயர்களுக்கு நடுவே கடவுச்சொல் சரிபார்க்கும் கோப்பு தென்பட்டால், மதிப்பாய்வாளர் முதலில் அதைத்தான் திறப்பார். இந்தப் பயன் சிறியதல்ல.

சிக்கல் ‘எதோடு ஒப்பிட்டு?’ என்பதில் இருக்கிறது. கிளைப் பெயர்களுக்கிடையே இரண்டு புள்ளி வைத்தால், மெயினின் இன்றைய நுனியும் கிளையின் நுனியும் ஒப்பிடப்படும். நாம் பிரிந்த பிறகு வேறொருவர் மெயினில் சேர்த்த கோப்பு, நாம் நீக்கியதுபோலப் பட்டியலில் வந்து நிற்கும். மூன்று புள்ளி வைத்தால் பிரிந்த இடத்திலிருந்து நம் கிளையில் வந்த மாற்றம் மட்டும் கிடைக்கும். கிட்ஹப்பின் இணைப்புக் கோரிக்கை காட்டுவதும் இதையே. ஆனால் ‘கிட் லாக்’கில், கிளைக்கு மட்டும் உரிய கமிட்டுகளைத் தருவது இரண்டு புள்ளி! ஒரே குறிக்கு இரண்டு கட்டளைகளில் இரண்டு பொருள். இதை வடிவமைப்பின் பிழை என்றே சொல்வேன். 2020 டிசம்பரில் வந்த 2.30 பதிப்பு ‘மெர்ஜ்-பேஸ்’ என்ற தெளிவான சொல்லை ‘டிஃப்’புக்குத் தந்தது, புள்ளிகளை எண்ணுவதைவிட அது மேல்.

பட்டியலுக்கு வேறு குறைகளும் உண்டு. கோப்பின் பெயர் மாற்றத்தைக் கிட் பதிவு செய்வதே இல்லை. உள்ளடக்கம் பாதிக்குமேல் ஒத்திருந்தால் ‘பெயர் மாறியது’ என்று ஊகிக்கிறது. கோப்புக்குத் தமிழில் பெயர் வைத்தாலோ, இயல்பு அமைப்பில் ஒவ்வொரு எழுத்துக் குறியீடும் \340 என்று தொடங்கும் மூன்று எண்களாகச் சிதறும். ‘கோர்.குவோட்பாத்’ அமைப்பை அணைத்தால் தமிழ் தமிழாகத் தெரியும்.

இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாத குறை வேறு. நான் இருந்த ஒரு குழுவில், ஒருவர் ரகசியச் சாவி இருந்த கோப்பைத் தவறுதலாகக் கமிட் செய்து, அடுத்த கமிட்டில் நீக்கிவிட்டார். தொடக்கமும் முடிவும் ஒன்றாகிவிட்டதால் பட்டியலில் அந்தக் கோப்பே இல்லை. வரலாற்றில் சாவி அப்படியே இருந்தது. பட்டியலை மட்டும் பார்த்து ஒப்புதல் தந்தோம்.

மதிப்பாய்வு செய்வோரிடம் ஒரு வேண்டுகோள்: ‘டிஃப்’ பட்டியலோடு நிற்காதீர்கள். ‘கிட் லாக்’கிலும் ‘நேம்-ஒன்லி’ சேர்த்து ஒவ்வொரு கமிட்டும் தொட்ட கோப்புகளைப் பார்த்த பிறகே ஒப்புதல் கொடுங்கள்.