எந்த நாட்டுக் கணக்கில்?

கீழ்க்கட்டளையில் நாங்கள் சிலர் கூடும்போதெல்லாம் தெற்காசியாவில் சமூக நீதி எந்த நாட்டில் மேல் என்கிற விவாதம் வந்துவிடுகிறது. 'இலங்கையைப் பாருங்க தோழர், படிப்பும் வைத்தியமும் இலவசம்' என்பார் ஒருவர். 'அங்க சாதிக்கு இடஒதுக்கீடு உண்டா?' என்பார் இன்னொருவர். இரண்டும் சரிதான். நாட்டுக்கு எதிரே நாட்டை வைத்து நிறுக்கிற அந்தத் தராசுதான் எனக்குப் பிரச்சினை.

ஐ.நா.வின் மனித மேம்பாட்டுக் குறியீட்டில் இலங்கை இந்தியாவுக்கு மேலேதான் இருந்து வருகிறது. 1931இலேயே வயது வந்தோர் வாக்குரிமை, 1945இல் இலவசக் கல்வி. ஆனால் தோட்டப் பள்ளிகளை அந்த அரசு ஏற்றுக்கொண்டது 1970களில். அதற்கு முன்பே, 1948 குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியிருந்தது. அடுத்த வருஷம் வாக்கும் போனது. இலவசங்களுக்கான பணத்தில் பெரும்பங்கு தேயிலை ஈட்டியது. அதைப் பறித்தவர்கள் 'குடிமக்கள்' என்ற வரையறைக்கு வெளியே.

1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் உட்கார்ந்து 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று எழுதினார்கள். மீதி 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பங்காளிகள் மாடு பிரிக்கிற மாதிரி. சம்பந்தப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை. கடைசியாக மிஞ்சியவர்களுக்குக் குடியுரிமை கிடைக்க 2003 வரை ஆனது.

இங்கே வந்தவர்களில் ஒரு பகுதியினரை நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் (டான்டீ) குடியமர்த்தினார்கள். அங்கேயும் கொழுந்துதான், முதுகில் கூடைதான். இப்போது ஒரு தலித் குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அக்கா அட்டனில், தங்கை கூடலூரில். இலங்கைக் கணக்கெடுப்பு இனத்தைக் கேட்கும், சாதியைக் கேட்காது. ஆகவே அக்கா 'இந்தியத் தமிழர்'. இந்தியக் கணக்கில் தங்கை பட்டியல் சாதி. அங்கே சாதி மறைகிறது, இங்கே கடல் கடந்த வரலாறு மறைகிறது. நாடுகளை ஒப்பிடும் எந்த அட்டவணையிலும் இந்த இருவரும் ஒரே வரியில் வரமாட்டார்கள். நம் சிற்றிதழ்களும் லேசுப்பட்டவை அல்ல. ஈழம் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவற்றில் மலையகம் பெரும்பாலும் அடிக்குறிப்பு.

தோட்டத்தைத் தோட்டத்தோடு ஒப்பிட்டால் வேறு கேள்விகள் வரும். லயம் யார் பேரில் இருக்கிறது? வேலை முடிந்தால் வீடு என்னாகும்? இலங்கையில் 1,000 ரூபாய் நாட்கூலி 2021இல்தான் அரசிதழில் ஏறியது; குடியிருக்கும் நிலத்துக்கு உறுதி கேட்பது இன்னும் ஓயவில்லை. 2024இல் மாஞ்சோலையில் நிர்வாகம் விருப்ப ஓய்வு கொடுத்து வீட்டைக் காலி பண்ணச் சொன்னபோது, தலைமுறைகளாக அங்கே இருந்தவர்கள் கையிலும் பட்டா இல்லை.