பேணிப்பாலா, தாய்ப்பாலா: மறிச்சுக்கட்டிக்கு எது சரி?

2019 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்கு ஒரு சான்று தந்தது. தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் தொற்றுவதை இந்த நாடு ஒழித்துவிட்டது என்பதே அது. 2017க்குப் பின் தாய்வழியாக எந்தப் பிள்ளைக்கும் எச்.ஐ.வி. தொற்றியதாகப் பதிவு இல்லை என்று அப்போது சொல்லப்பட்டது. பெருமைப்பட வேண்டிய காரியம்தான். கர்ப்பவதிக் கிளினிக்கின் முதல் வருகையிலேயே இரத்தம் எடுத்துப் பார்க்கும் ஒழுங்கும், வீடு வீடாக நடக்கும் குடும்பநல உத்தியோகத்தர்களின் உழைப்பும் அதன் பின்னால் இருக்கின்றன.

ஆனால் தொற்று கடக்கும் வழிகள் மூன்று. கர்ப்பமும் பிரசவமும் கிளினிக்கின் கண் முன்னால் நடந்து முடிகின்றன. பாலூட்டல் அப்படியல்ல, வீட்டுக்குள் மாதக்கணக்கில் நீள்கிறது. எச்.ஐ.வி. உள்ள தாய் பாலூட்டலாமா என்ற கேள்வியை, மன்னார் மாவட்டத்து முசலிப் பிரதேசத்தின் தென்கோடியில் வில்பத்துக் காட்டோரம் கிடக்கும் மறிச்சுக்கட்டியை வைத்து எடைபோடுகிறேன். அங்கே அப்படியொரு தாய் இருக்கிறாள் என்று சொல்லவில்லை. இருந்தால் அவளுக்கு என்ன சொல்வது என்பதே கேள்வி.

பேணிப்பால்தான் என்போரின் வாதம் வலுவானது. எச்.ஐ.வி.யை அடக்கும் மருந்து எதுவும் இல்லாவிட்டால் பாலூட்டலால் மட்டும் 5 முதல் 20 சதவீதம் பிள்ளைகளுக்குத் தொற்றலாம். நைரோபியில் தொண்ணூறுகளில் நடந்து 2000இல் வெளியான ஆய்வில், தாய்ப்பால் குடித்தவர்களில் 36.7 சதவீதத்தினருக்கு இரண்டு வயதுக்குள் தொற்று. பேணிப்பால் குடித்தவர்களில் 20.5. இந்த வித்தியாசத்தை யாரும் தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் அந்தத் தாய்மார் நல்ல தண்ணீர் வசதி உள்ளவர்களாகப் பார்த்துத் தெரிவானவர்கள். அப்படியிருந்தும் இரு பக்கத்திலும் இறந்த பிள்ளைகளின் விகிதத்தில் பெரிய வித்தியாசம் இல்லை.

பொட்ஸ்வானா சொல்வது இதைவிடக் கடுமையானது. அங்கே 2006இல் வெளியான ஆய்வில் பேணிப்பால் பிள்ளைகளுக்குத் தொற்று குறைந்தது. ஆனால் ஏழாவது மாதத்தில் அவர்களில் 9.3 சதவீதத்தினர் இறந்திருந்தார்கள். மருந்தோடு தாய்ப்பால் குடித்தவர்களில் 4.9. பதினெட்டு மாதத்தில் தொற்றையும் சாவையும் சேர்த்துப் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. அதே ஆண்டுத் தொடக்கத்தில் கனமழை பெய்து வயிற்றோட்டம் பரவியபோது, அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த பால்மாவில் வளர்ந்த பிள்ளைகளே அதிகம் செத்தார்கள். எச்.ஐ.வி.யிலிருந்து காப்பாற்றிய பிள்ளையை வயிற்றோட்டத்துக்குக் கொடுத்த கதை அது.

பிறகு தராசையே மாற்றியது மருந்து. தாய் தினமும் மாத்திரை எடுத்தால், அல்லது பாலூட்டும் காலம் முழுதும் பிள்ளைக்கு நெவிரபின் என்ற மருந்தைக் கொடுத்தால், இரண்டு ஆண்டில் தொற்று 0.6 சதவீதத்துக்கும் கீழே என்று ஆபிரிக்க நாடுகளிலும் இந்தியாவிலும் நடந்த ‘புரொமிஸ்’ ஆய்வு 2018இல் காட்டியது. ஆனாலும் அது பூச்சியம் அல்ல. அந்தத் தாய்மார் நோயெதிர்ப்புச் சக்தி நன்றாக இருந்தவர்கள். ஒழுங்காகக் கூப்பிட்டு விசாரிக்க ஆட்கள் இருந்தார்கள். மாத்திரை தவறும் ஒரு வீட்டுக்கு அந்த எண்ணை அப்படியே எடுத்துவர முடியாது.

இனி ஊருக்கு வருவோம். 2016இன் நாடளாவிய கணிப்பின்படி ஆறு மாதத்துக்குக் குறைந்த பிள்ளைகளில் 82 சதவீதத்தினர் தாய்ப்பால் மட்டுமே குடிப்பவர்கள். மறிச்சுக்கட்டி முஸ்லிம் ஊர். இரண்டு முழு ஆண்டுகள் பாலூட்டுவது மார்க்கத்திலும் சொல்லப்பட்டது. பிள்ளை பார்க்க வருபவர்கள் நிறைந்த வீட்டில், நாற்பது நாள் கழியாத பிள்ளைக்குப் பேணியைத் திறந்தால் மாமி கேட்பா, உம்மும்மா கேட்பா, பக்கத்து வீடும் கேட்கும். சொல்லாமல் மறைத்த நோயைப் பேணி சொல்லிவிடும். அதற்குப் பயந்து ஆட்கள் முன்னால் தாய்ப்பாலும் மறைவில் பேணிப்பாலுமாகக் கொடுப்பாள். மருந்தில்லாத காலத்தில் மிக ஆபத்தானதாக 1999இல் தென்னாபிரிக்காவின் டர்பன் ஆய்வு கண்டது இந்தக் கலப்பைத்தான். பிறந்த பிள்ளையின் மேல்வாயில் பேரீச்சம்பழம் தடவும் தஹ்னீக்கை நினைத்து, அதுவும் கலப்பாகுமோ என்று பலர் தயங்கலாம். தாய் மருந்தில் இருந்தால், வேறு ஆகாரம் சேர்ந்தது பாலை நிறுத்தக் காரணமாகாது என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2016 வழிகாட்டலே சொல்கிறது.

பால்மாவை நம்பலாமா? 2021, 2022இல் அதற்காக நாடு முழுதும் வரிசையில் நின்றது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டுப் புத்தளம் போய், 2009க்குப் பிறகு திரும்பிக் குடியேறிய ஊர் இது; மறுபடி இடம்பெயர நேர்ந்தால் பால்மா வழியில் நின்றுபோகும். மருந்தும் வழியில் நின்றுபோகலாமே என்று கேட்பது நியாயம். ஆனால் மூன்று மாத மாத்திரை ஒரு கைப்பைக்குள் அடங்கும். மூன்று மாதப் பால்மாவும் அதற்குக் கொதித்த தண்ணீரும் அடங்காது.

ஆகவே என் முடிவு தாய்ப்பாலின் பக்கம்: முறையாக மாத்திரை எடுத்து, இரத்தத்தில் வைரஸ் அடங்கியிருக்கும் தாய் முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுக்கட்டும், பிறகு சோறு கஞ்சியோடு தொடரட்டும். வைரஸ் அடங்காதவளுக்கு, மருந்தைச் சரிப்படுத்தும்வரை பேணிப்பாலும் அதற்கான செலவும் அரசு தரவேண்டும். அங்கே என் தராசு மறுபக்கம் சாய்கிறது. மருத்துவர் எதிரில் இருந்து அவளோடு பேசாமல் இரண்டில் எதையும் கட்டாயப்படுத்தக் கூடாது.

தொடக்கத்தில் சொன்ன சான்றைப் பற்றிய என் குறை வேறொன்று. கர்ப்பத் தொடக்கத்தில் ஒருமுறை எடுத்த இரத்தம், அதற்குப் பின் வந்த தொற்றைக் காட்டாது. பாலூட்டும் காலத்தில் புதிதாகத் தொற்றிய தாயின் பாலில்தான் வைரஸ் மிக அதிகம். அவளோ தனக்கு ஒன்றுமில்லை என்ற நம்பிக்கையில் ஊட்டிக்கொண்டிருப்பாள். கணவனுக்குப் பரிசோதனையும், தடுப்பூசிக்குப் பிள்ளையைக் கொண்டுவரும்போது தேவைப்படும் தாய்க்கு இரண்டாவது பரிசோதனையும் முசலிக்குள்ளேயே இருக்கும் சிலாவத்துறையில் கிடைக்க வேண்டும். அதற்காக மன்னார் வரை பஸ் ஏறச் சொல்லக் கூடாது.