பள்ளி மாணவரும் தேம்பாவணியும்: அணி பயிற்றுதல் குறித்து

செய்யுளில் வரும் அணியைக் கண்டு அதன் பெயரைச் சொல்லிவிட்டால் செய்யுளை அறிந்தாயிற்று என்னும் எண்ணம் நம் பள்ளிகளில் வேரூன்றியுள்ளது. தேர்வுக்கு அது போதும், கவிதைக்குப் போதாது. மத்திகிரியில் நம் சபைப் பிள்ளைகளுக்கும் அவர்களோடு வரும் பிற சமயப் பிள்ளைகளுக்கும் மாலைவேளையில் தமிழ் கற்பித்துவரும் அனுபவத்தினின்று, ஒரே ஒரு பாடப்பகுதியைக் கொண்டு இதனை ஆராயப் புகுகின்றோம். 2019ஆம் ஆண்டில் வெளிவந்த பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலின் ஒன்பதாம் இயலில் உள்ள தேம்பாவணிச் செய்யுட்கள் ஐந்தே அப்பகுதி.

தேம்பாவணியை இயற்றிய வீரமாமுனிவர் (1680–1747) தரங்கம்பாடி லுத்தரன் சபையாரை மறுத்துக் கடுமையாக எழுதியவர். ஆதலால் நம்முள் அவரை மனமுவந்து போற்றத் தயங்குவோர் உளர். அக்கணக்கை இங்குத் தீர்க்க வேண்டுவதில்லை. மூன்று காண்டங்களும் 36 படலங்களும் 3615 செய்யுட்களும் கொண்ட இக்காப்பியத்தில், யோவான் ஸ்நானனுக்குக் கருணையன் என்று அவர் பெயரிட்டிருக்கிறார். கானகத்தில் தாய் எலிசபெத்து இறந்துவிட, மகன் அவளை அடக்கம் செய்து புலம்புவதே பாடப்பகுதி. லூக்கா சுவிசேஷம் யோவானின் பிறப்பை விரிவாகச் சொல்லி, பிள்ளை வளர்ந்து வனாந்தரங்களில் இருந்ததை முதல் அதிகாரத்தின் இறுதி வசனத்தில் சுருங்கக் கூறி முடிக்கிறது. தாயின் மரணத்தைப் பற்றி அங்கு ஒரு சொல்லும் இல்லை. அம்மௌனத்தினுள் கவிஞர் நுழைகின்றார்.

முதற்செய்யுளில் பூ என்னும் சொல் மலரையும் நிலத்தையும் குறித்து நிற்கிறது. தாயின் உடலைக் காக்கும்படி மகன் வேண்டுவது நிலத்தை; அவ்வுடலின்மேல் கண்ணீரோடு பொழிவது மலரை. இதனைச் சொல்லிவிட்டால் மாணவர் எளிதில் கடந்துவிடுவர்.

இரண்டாம் செய்யுளில்தான் நம் வகுப்பு தடைப்பட்டது. அங்கே இளம்பயிரைக் குறிக்க இளங்கூழ் என்னும் சொல் வருகிறது. மத்திகிரியைச் சுற்றியுள்ள இல்லங்கள் பலவற்றில் தெலுங்கோ கன்னடமோ பேசப்படும். ஓசூர்த் தொழிற்சாலைகளில் வேலை தேடித் தென்மாவட்டங்களிலிருந்து குடியேறிய தமிழரும் உளர். எந்த வீட்டுப் பிள்ளைக்கும் கூழ் என்றால் கேழ்வரகுக் கூழே. ‘தண்ணியான கூழ் காய்ந்துபோயிற்றா ஐயா?’ என்று ஒரு மாணவன் கேட்டான். வகுப்பு சிரித்தது, நாமும் சிரித்தோம். பின்னர், ‘கேழ்வரகுக்குக் கதிர் வரும்போது மழை நின்றுவிட்டால் என்ன ஆகும்?’ என்று வினவினோம். தாத்தாவின் மானாவாரி நிலத்தில் அதைக் கண்டிருந்த அம்மாணவனே விடை சொன்னான்: பயிர் பச்சையாகத்தான் நிற்கும், மணி பிடிக்காது, பிறகு மாட்டுத் தீவனத்துக்கு அறுக்க வேண்டியதுதான். உரைநூல் தராத பொருளை அவன் தந்தான். தாய் உரைத்த உண்மைகளே மழைநீர் என்று கவிஞர் முதலில் உருவகம் செய்துவிட்டு, அதன்மேல் வாடிய பயிரின் உவமையை எழுப்புகிறார். மகன் இறந்துபோகவில்லை, மணி பிடிக்குமுன் மழை நின்றுபோனது. தாயிடம் கற்க வேண்டியவை இன்னும் மிகுதியாக இருந்தன என்பதே அவ்வுவமையின் உட்கிடை. நான்கடியிலும் மணி என்னும் சொல்லை வைத்தே தீருவது என்று கவிஞர் பிடிவாதம் பிடித்திருப்பது ஓரிடத்தில் செயற்கையாகவே படுகின்றது. ஆயினும் இறுதி அடியில் அச்சொல் தானியமாகிவிடும்போது அப்பிடிவாதத்தைப் பொறுத்துக்கொள்கின்றோம்.

மூன்றாம் செய்யுளில் உவமைகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன: கிளையினின்று கொய்த மலர், நச்சம்பு துளைத்த புண், துணையைப் பிரிந்த பறவை, வழுக்கு நிலத்தில் தனியே விடப்பட்டு வழி தெரியாதவன். எதுவும் நான்கு வரிகளுக்கு நீடிப்பதில்லை. ஓர் உவமையைப் பற்றிப் பார்த்து, அது தாங்காமல், அடுத்ததைப் பற்றுகிறான் மகன். அம்பின் உவமை பழகிப்போன ஒன்றே. ஆனால் வழுக்கு நிலம் புதிது.

நான்காம் செய்யுளில் உவமை ஒன்றுகூட இல்லை. பிழைக்கும் வழி, உணவு தேடும் முறை, காட்டில் நடக்கும் பாதை என ஒவ்வொன்றையும் எண்ணி, அறியேன் அறியேன் என்று அடுக்குகிறான். இறுதியில் ஒரே ஒரு முறை அறிந்தேன் என்கிறான். அது தாயின் கைகாட்டிய முறை. அவளோ போய்விட்டாள்.

இச்செய்யுளில் பயின்றுவரும் அணி யாது என்று எழுதச் சொன்னோம். ஒரு மாணவி, ‘இதில் அணி இல்லை’ என்று எழுதியிருந்தாள். அவள் தாயை இழந்து ஓராண்டும் ஆகவில்லை. சொல்லும் பொருளும் ஒன்றாகவே திரும்பத் திரும்ப வருவதால் இது சொற்பொருட் பின்வருநிலையணி என்பதே தேர்வுக்கு உரிய விடை. தவறு என்று குறியிட்டுக் கொடுத்துவிட்டோம். அன்றிரவு மீண்டும் அப்பகுதியைப் படித்தபோதுதான் நம் குறியைப் பற்றிய ஐயம் எழுந்தது. நான்கு உவமைகளை அடுக்கிய மகன், ஐந்தாவது கிடைக்காமல், உள்ளதை உள்ளவாறே சொல்லத் தொடங்கிவிடுகிறான். அணி ஓய்ந்துவிட்ட இடம் அது. தொன்னூல் விளக்கத்தில் அணிக்கும் இலக்கணம் வகுத்தவருக்கு உவமைக்குப் பஞ்சமில்லை, வேண்டுமென்றே நிறுத்தியிருக்கின்றார். அம்மாணவி கண்டது இலக்கணப் பெயரை அன்று, அந்த நிறுத்தத்தை.

இவ்வெறுமையைத் தாண்டி வந்தால்தான் ஐந்தாம் செய்யுள் விளங்கும். மகனின் புலம்பலைக் கேட்டு, மரங்கள்தோறும் சுனைகள்தோறும் பறவைகளும் வண்டுகளும் அழுவனபோல ஒலிக்கின்றன. ‘போல’ என்னும் உருபைக் கண்டதும் பிள்ளைகள் உவமையணி என்று எழுதிவிடுவர். அன்று. உவமையில் ஒரு பொருளுக்கு வேறொரு பொருள் ஒப்பாக வரும். இங்கோ பறவையும் வண்டும் வழக்கம்போல ஒலி செய்கின்றன. அவ்வியல்பான ஒலியின்மேல் அழுகை என்னும் தம் கருத்தைக் கவிஞர் ஏற்றுகின்றார். ஆகவே தற்குறிப்பேற்ற அணி. அதே ஒன்பதாம் இயலின் இலக்கணப் பகுதியில் இவ்வணி விளக்கப்பட்டும், எடுத்துக்காட்டு சிலப்பதிகாரத்தினின்று வருவதால், சில பக்கங்களுக்கு முன் படித்த தேம்பாவணியோடு அதை இணைத்துப் பார்ப்பார் அரியர்.

இயற்கை மனிதனோடு அழும் என்பது பொய்யுணர்வு என்று ஆங்கிலத் திறனாய்வாளர் ஜான் ரஸ்கின் 1856இல் எழுதினார். யோவேல் தீர்க்கதரிசியின் முதல் அதிகாரத்தை நன்கறிந்த நமக்கு அவ்வளவு எளிதில் உடன்பட இயலவில்லை. விளைச்சல் அழிந்தபோது நிலமே துக்கங்கொள்வதாக அங்கு வாசிக்கின்றோம். கருணையனைப் பொறுத்தவரை இதில் இன்னொன்றும் உண்டு. பின்னாளில் வனாந்தரத்திலே ஒரு சத்தமாக எழப்போகின்றவன் அவன். அவனுக்குச் சொற்கள் தீர்ந்துபோன நாளில், வனாந்தரம் அவனுக்காகக் குரல் எழுப்புகின்றது. கவிஞர் இதனை எண்ணியே அமைத்தாரா என்று ஒரு மாணவன் கேட்டான். எண்ணியிருப்பார் என்றே நாம் கருதுகின்றோம்.

அடுத்த வாரம் அம்மாணவியின் ஏட்டை வாங்கி நம் தவறுக்குறியை அடித்துவிட்டு, அவ்விடைக்கு முழு மதிப்பெண் இட்டுக் கொடுத்தோம். ஏன் என்று அவள் கேட்கவில்லை. பொதுத்தேர்வில் மட்டும் பின்வருநிலையணி என்றே எழுதும்படி சொல்லி அனுப்பினோம்.