ஒரு நன்றிப் பாடலும் நான்கு ஒலிப்பதிவுகளும்

1825 வசந்தத்தில் பீத்தோவன் குடல் நோயால் படுத்த படுக்கையானார். உடல் தேறியதும், எழுதிக்கொண்டிருந்த ஏ மைனர் குவார்ட்டெட்டின் நடுவே நெடிய பகுதி ஒன்றைச் சேர்த்தார். பிணி நீங்கியவர் இறைவனுக்குச் செலுத்தும் நன்றிப் பாடல் என்று அதற்குத் தலைப்பும் இட்டார். குவார்ட்டெட் என்பது நால்வர் குழுவையும் அதற்கான படைப்பையும் குறிக்கும்: இரண்டு வயலின்கள், ஒரு வியோலா, ஒரு செல்லோ. ஓபஸ் 132 என்ற எண்ணுடைய இந்தப் படைப்பை எழுதியபோது அவருக்கு ஏறக்குறைய முற்றிலும் காது கேட்கவில்லை.

அந்த நன்றிப் பாடலில் மெதுவான துதி மூன்று முறை வருகிறது. இடையில் இருமுறை, உடலில் புதுவலு ஊறுவதைச் சொல்லும் துள்ளலான பகுதி. துதி லிடியன் என்னும் பழைய தேவாலய முறையில் அமைந்தது. அதன் ஏழு சுரங்கள் நம் மேசகல்யாணியின் சுரங்களே. ஆனால் கல்யாணியை எதிர்பார்த்துக் கேட்க உட்கார்ந்தால் இது பிடிபடாது. இங்கே கமகம் இல்லை. ஒவ்வொரு சுரமும் அசையாமல் நிற்கிறது. நான்கு குரல்களும் ஒன்றோடொன்று இணைவதிலும் உரசுவதிலும்தான் உணர்ச்சி பிறக்கிறது. முதல் வயலினை மட்டும் காது தொடர்ந்தால் பாதி இசை கைநழுவிப் போகும்.

தம் முந்தைய குவார்ட்டெட்டுகளுக்கு வேகத்தைக் குறிக்கும் மெட்ரோனோம் எண்களைத் தந்த பீத்தோவன், கடைசிக் காலத்தவற்றுக்கு எதையும் தரவில்லை. எனவே எவ்வளவு மெதுவாக, வில்லை எவ்வளவு அழுத்தி, இடக்கை விரலை எவ்வளவு அதிரவிட்டு வாசிப்பது என்பது வாசிப்பவர்கள் எடுக்கும் முடிவு. ஒலிப்பதிவுகளை ஒப்பிட்டுக் கேட்கவேண்டிய இடமும் இதுவே.

1937இல் புஷ் குவார்ட்டெட் லண்டனில் இதைப் பதிவு செய்தது. தலைவர் அடால்ஃப் புஷ் ஜெர்மானியர், யூதர் அல்லர். யூதர்களுக்கு நேர்ந்த கொடுமையைப் பொறுக்காமல் 1933இல் சொந்த நாட்டில் வாசிப்பதையே நிறுத்தியவர். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் அக்கால இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் நாலரை நிமிடத்துக்குமேல் அடங்காது. துதியைத் துண்டு துண்டாகத்தான் பதிய முடிந்தது. ஆயினும் அவர்கள் அவசரப்படவில்லை. சுரங்கள் விரல் அதிர்வு குறைந்து, வெறுமையாக நீள்கின்றன. ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குச் சறுக்கும்போது மனிதக் குரலின் தழுதழுப்பு. தட்டின் இரைச்சல் சில நிமிடங்களில் காதுக்குப் பழகிவிடும்.

1948இல் கொலம்பியா நிறுவனம் நீண்ட நேரம் ஓடும் எல்.பி. தட்டைக் கொண்டுவந்தபின் பகுதி முழுவதையும் அறுபடாமல் கேட்க முடிந்தது. அதே நிறுவனத்துக்காக 1950களின் தொடக்கத்தில் புடாபெஸ்ட் குவார்ட்டெட் பதிந்தது தெளிவானது, கண்டிப்பானது. பெயர்தான் புடாபெஸ்ட், அப்போது அதில் ஹங்கேரியர் எவரும் இல்லை. துள்ளல் பகுதியில் இவர்கள் காட்டும் உறுதி எனக்குப் பிடிக்கும். துதியில் மனம் அவ்வளவு கரையவில்லை.

1960களின் பிற்பகுதியில் ஃபிலிப்ஸ் நிறுவனத்துக்காக வாசித்த குவார்ட்டெட்டோ இத்தாலியானோ வேறு உலகம். ஸ்டீரியோவில் நான்கு வாத்தியங்களும் இருக்கும் இடம் தெரிகிறது. வில் மாறுவதே கேட்காத அளவுக்கு நாதம் செறிவானது. அந்த அழகே சில இடங்களில் குறையும் ஆகிறது: நோயின் தடம் ஒலியில் இல்லை.

தகாச் குவார்ட்டெட்டின் கடைசிக் கால குவார்ட்டெட்டுத் தொகுப்பை டெக்கா நிறுவனம் 2005இல் வெளியிட்டது. தாழ்ந்த ஒலியில், மெலிந்த வில்லில் தொடங்குகிறார்கள். துதி திரும்ப வரும்போதெல்லாம் உள்குரல்களின் பின்னல் அடர்ந்துகொண்டே போவதை இவ்வளவு துலக்கமாக வேறு பதிவில் நான் கேட்டதில்லை. இரண்டாம் வயலினும் வியோலாவும் இங்கே துணைவாத்தியங்கள் அல்ல.

புதிதாகக் கேட்பவர்கள் தகாச்சில் தொடங்குங்கள். முதல்முறை செல்லோவை மட்டும் பின்தொடருங்கள், அடுத்தமுறை வியோலாவை. நான்கு குரல்களும் தனித்தனியே பழகியபின் புஷ்ஷிடம் போங்கள். இத்தனை பதிவுகள் வந்த பிறகும், இந்த நன்றிப் பாடலுக்கு என் முதலிடம் 1937க்குத்தான்.