எண்பத்து மூன்றாவது நிமிஷம்

தோற்றுப்போனவர்களைப் புகழ்வதில் நம்மை மிஞ்ச ஆள் கிடையாது. ஜெயித்தவனைப் பற்றிப் பேசும்போது நமக்கு நூறு சந்தேகம் வரும். எதிராளி சொத்தை என்போம், ரெஃப்ரீ இரக்கப்பட்டுவிட்டான் என்போம், ஒன்றும் இல்லாவிட்டால் அதிர்ஷ்டம் என்போம். தோற்றவன் என்றால், அதிலும் சின்னப் பையன் என்றால், மனசு இளகிவிடுகிறது. "பாவம், நன்றாகத்தான் போராடினான்" என்று முதுகில் தட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். 2017-ஆம் வருஷம் அக்டோபர் 9-ஆம் தேதி டில்லி ஜவஹர்லால் நேரு ஸ்டேடியத்தில், பதினேழு வயதுக்கு உட்பட்டவர்களின் உலகக் கோப்பைப் போட்டியில், இந்தியா கொலம்பியாவிடம் ஒன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் தோற்றதே, அந்த ஆட்டத்துக்கும் இந்த முதுகு தட்டல்தான் கிடைத்தது. அந்தப் பையன்களுக்கு அதைவிட நல்ல மரியாதை பாக்கி இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். அவர்கள் ஆடியதை ஆட்டமாக எடை போட்டுப் பார்க்க வேண்டும்.

கதை எழுதுகிறவனுக்குக் கால்பந்தில் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. என் முதல் நாவல் வெளிவந்தபோது ஒரு பத்திரிகையில் மூன்று வரி மதிப்புரை வந்தது: ஆசிரியர் இளைஞர், முயற்சி பாராட்டத்தக்கது, மேன்மேலும் வளர வாழ்த்துக்கள். அதை எழுதியவர் என் புத்தகத்தைக் கிழித்துப் போட்டிருந்தால்கூட அவருக்கு இன்றுவரை நன்றி சொல்லிக்கொண்டிருப்பேன். எந்த அத்தியாயம் தொய்ந்தது, எந்தப் பாத்திரம் நிற்கவில்லை என்று ஒரு வார்த்தை கிடையாது. வாழ்த்தப்பட்டவனுக்கு ஏற்படும் அவமானம் எனக்குப் பழக்கமான சங்கதி. டில்லி ஆட்டத்துக்கு மறுநாள் வந்த பாராட்டுகளைப் படித்தபோது அந்த மூன்று வரியைத்தான் திரும்பப் படிப்பது போலிருந்தது.

முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். போட்டி இந்தியாவில் நடந்தது. நடத்துகிற நாடு என்பதால் நமக்கு இடம் தானாகக் கிடைத்தது. பயிற்சியாளர் போர்ச்சுகல் தேசத்தவர், லூயிஸ் நார்ட்டன் டி மாட்டோஸ். அந்த வருஷம்தான் பொறுப்பேற்றவர். முதல் ஆட்டத்தில் அமெரிக்காவிடம் சைபருக்கு மூன்று என்று தோற்றிருந்தார்கள். மூன்றே நாள் கழித்துக் கொலம்பியா.

அன்று முதல் பாதியைப் பார்த்தவர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்திருப்பார்கள். பந்து பெரும்பாலும் கொலம்பியர்களின் காலிலேயே இருந்தது. ஆனால் ஆட்டம் அவர்கள் கையில் இல்லை. நம் பின்வரிசை கட்டுக்கோப்பாக நின்றது. அன்வர் அலி பந்தின் பின்னால் ஓடுகிறவர் இல்லை; பந்து எங்கே வரப்போகிறதோ அங்கே முன்னமே போய் நிற்கிறவர். அவர் பக்கத்தில் அமெரிக்காவில் வளர்ந்த நமித் தேஷ்பாண்டே. இருவருக்கும் பின்னால் தீரஜ் சிங். பதினேழு வயதுக் கோல்கீப்பர்களுக்கு ஒரு பொது வியாதி உண்டு. எளிய பந்தைக்கூடப் பாய்ந்து விழுந்து பிடிப்பார்கள், காலரிக்காக. தீரஜுக்கு அது இல்லை. விழ வேண்டிய இடத்தில் மட்டும் விழுந்தார். மற்றச் சமயங்களில் நடந்து போய் எடுத்தார். அன்று அணியில் மிக மூத்தவர் போல் ஆடியவர் அவர்தான் என்பேன்.

நமக்கும் சந்தர்ப்பங்கள் வந்தன. ஆட்டம் தொடங்கிக் கால் மணி ஆனபோது அபிஜித் சர்க்காருக்கு ஒன்று கிடைத்தது. கொலம்பியக் கீப்பர் கெவின் மியர் தடுத்துவிட்டார். முதல் பாதி முடிகிற தறுவாயில் கேரளத்து ராகுல் அடித்த பந்து கம்பத்தில் மோதித் திரும்பியது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து 'துரதிர்ஷ்டம்' என்று எழுதினார்கள். எனக்கு இரண்டும் ஒன்றில்லை. ராகுலின் அடியில் குறை சொல்ல ஏதும் இல்லை; நாலு அங்குலம் இப்படி வந்திருந்தால் அது கோல். சர்க்காருடையது, கோல் அடிக்கப் பழகியவர்கள் விடாத பந்து. அந்தப் பழக்கம் இல்லாதது அவர் குற்றமா என்பது வேறு கேள்வி. அதற்கு அப்புறம் வருகிறேன்.

நாற்பத்தொன்பதாவது நிமிஷத்தில் கொலம்பியாவின் ஹுவான் பெனலோசா ஒரு கோல் போட்டார். தீரஜின் கை எட்டாத இடத்துக்கு அளந்து அடித்த பந்து. இப்படிப்பட்ட கோலை எந்தக் கீப்பரும் வாங்குவார். மனம் உடைந்து இன்னும் மூன்று வாங்கப் போகிறார்கள் என்று நினைத்தவர்கள் உண்டு. உடையவில்லை. அரைமணி நேரத்துக்கு மேல் அதே கட்டுக்கோப்பு. என்னைக் கேட்டால் அந்த ஆட்டத்தின் மிக நல்ல பகுதி இந்த அரைமணிதான். அதைப் பற்றி யாரும் எழுதவில்லை; எழுதுவதற்கு அதில் சம்பவம் ஒன்றும் இல்லை.

எண்பத்திரண்டாவது நிமிஷம். கார்னர். அடித்தவர் சஞ்சீவ் ஸ்டாலின். ஆறடிக்கு மேல் உயரமான ஒரு மணிப்பூர்ப் பையன், ஜீக்ஸன் சிங், எழும்பித் தலையால் முட்டினார். உலகக் கோப்பையில், எந்த வயதுப் பிரிவிலானாலும் சரி, இந்தியா போட்ட முதல் கோல் அது. காரணம் அவர் உயரம் என்று சொல்லிவிடுவது சுலபம். கார்னரில் உயரத்தைக் காட்டிலும் பெரிய விஷயம் காலம். பந்து வந்து சேரும்போது உடம்பு எழும்பிய உச்சியில் இருக்க வேண்டும். கால் விநாடி முந்தினாலும் பிந்தினாலும் ஏழடி ஆசாமிக்கும் பிரயோஜனம் இல்லை. ஜீக்ஸன் சரியான கணத்தில் இருந்தார். அணித் தலைவர் அமர்ஜித் சிங்குக்கு அவர் உறவுமுறைச் சகோதரர். நடுக்களத்தில் இருவரும் ஒருவர் இருப்பிடம் இன்னொருவருக்குச் சொல்லாமலே தெரிந்தது போல் ஆடினார்கள்.

ஸ்டேடியம் குலுங்கியது. டெலிவிஷன் முன்னால் இருந்த நாமும் குலுங்கினோம். மைதானத்தில் பந்து நடுவட்டத்துக்குப் போயிற்று. கொலம்பியர்கள் ஆட்டத்தைத் தொடங்கினார்கள். எண்பத்து மூன்றாவது நிமிஷத்தில் அதே பெனலோசா இரண்டாவது கோலைப் போட்டுவிட்டார்.

விமர்சகன் தங்க வேண்டிய இடம் இது. 'ஐயோ பாவம்' என்று தாண்டிப் போகிற இடமில்லை.

முந்தைய ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவுக்கு எதிராக, கடைசிக் கட்டத்தில் அன்வர் அலி அடித்த பந்து குறுக்குக் கம்பத்தில் மோதியது. நம் பையன்கள் தலையில் கை வைத்த நேரத்தில் அமெரிக்கர்கள் பந்தை எடுத்துக்கொண்டு ஓடி மூன்றாவது கோலைப் போட்டார்கள். அடுத்த ஆட்டத்தைப் பாருங்கள். அக்டோபர் 12-ஆம் தேதி கானாவிடம் சைபருக்கு நான்கு. கடைசி இரண்டு கோல்கள் எண்பத்தாறாவது நிமிஷத்திலும் எண்பத்தேழாவது நிமிஷத்திலும் விழுந்தன. ஆக, ஒரு தடவை கம்பத்தில் பட்ட ஏமாற்றம், ஒரு தடவை கோல் போட்ட சந்தோஷம், ஒரு தடவை கோல் வாங்கிய துக்கம். உணர்ச்சி மூன்று தினுசு, பலன் ஒன்றே. ஏதாவது பெரிதாக நடந்துவிட்டால் அதற்கடுத்த நிமிஷத்தில் இந்த அணி மைதானத்தில் இருப்பதில்லை. உடம்பு இருக்கிறது, மனசு போன நிமிஷத்திலேயே தங்கிவிடுகிறது. மூன்று ஆட்டத்தில் வாங்கிய ஒன்பது கோல்களில் மூன்று இந்த வகை.

வயசு அப்படி என்பார்கள். கொலம்பியர்களுக்கும் அதே வயசுதான். எண்பத்திரண்டாவது நிமிஷத்தில் அவர்களுக்கும் நெஞ்சு பதறியிருக்கும். முதல் ஆட்டத்தில் கானாவிடம் தோற்றுவிட்டு வந்தவர்கள், இதில் ஜெயிக்காவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஆனாலும் பந்தை நடுவட்டத்தில் வைத்தபோது அவர்களுக்கு அடுத்த காரியம் என்ன என்று தெரிந்திருந்தது. அவர்கள் ஒன்றும் அசகாய சூரர்கள் இல்லை. ஒரு வாரம் கழித்து ஜெர்மனி அவர்களைச் சைபருக்கு நான்கு என்று துவைத்து அனுப்பியது.

வித்தியாசம் எங்கே? அவர்கள் தென் அமெரிக்கத் தகுதிப் போட்டியில் ஆடி இடம் பிடித்து வந்தவர்கள். தோற்றால் வீடு என்ற ஆட்டங்களை ஆடியவர்கள். நம் பையன்களையும் ஊர் ஊராக அழைத்துப் போனார்கள், வெளிநாடுகளில் பயிற்சி ஆட்டம் ஆட வைத்தார்கள், குறை சொல்லக்கூடாது. பயிற்சி ஆட்டத்தில் தோற்றால் சாயங்காலம் பஸ் ஏறி அடுத்த ஊருக்குப் போகலாம். காலையும் நுரையீரலையும் பயிற்சி ஆட்டம் தயார் செய்துவிடும். கோல் போட்ட மறு நிமிஷத்தில் என்ன செய்வது என்பதை, அந்தக் கோல் நிஜமாகவே எதையாவது தீர்மானிக்கும் ஆட்டத்தில்தான் கற்றுக்கொள்ள முடியும். சர்க்காருடைய சந்தர்ப்பத்துக்கும் இதே பதில்தான். எங்கள் தொழிலிலும் நோட்டுப் புத்தகத்தில் எழுதிப் பார்ப்பது ஒன்று, வாரா வாரம் அச்சுக்குக் கொடுப்பது வேறு. தொடர்கதை எழுதியவர்களுக்கு இது விளங்கும்.

அழகான தோல்வி என்பது இந்தியக் கால்பந்தில் பழைய சம்பிரதாயம். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் நம்மவர்கள், பெரும்பாலோர் வெறுங்காலோடு, பிரான்சை எதிர்த்து ஆடி இதே ஒன்றுக்கு இரண்டு கணக்கில் தோற்றார்கள். நம் கோலைப் போட்டவர் ராமன். இரண்டு பெனால்டிகளை வீணடித்தோம். பிரான்சின் இரண்டாவது கோல் எண்பத்தொன்பதாவது நிமிஷத்தில் விழுந்தது. வெறுங்காலைப் பற்றி எழுபது வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். அந்த இரண்டு பெனால்டிகளை யார் பேசினார்கள்?

டில்லிப் பையன்களைப் பொறுத்தவரை புத்திசாலித்தனமான ஒரு காரியம் நடந்தது. போட்டி முடிந்ததும் அவர்களைக் கலைத்துவிடாமல் இந்தியன் ஆரோஸ் என்ற பெயரில் ஐ-லீகில் பெரியவர்களுடன் ஆட விட்டார்கள். அடிபட்டார்கள், சிலசமயம் அடித்தார்கள். அவர்களில் ஜீக்ஸனும் சுரேஷ் சிங்கும் பிற்பாடு தேசிய அணிக்கு வந்தார்கள்; 2021-இல் ஓமானுக்கு எதிராக இருவருக்கும் முதல் ஆட்டம். அன்வர் அலிக்கு இருதயத்தில் கோளாறு என்று டாக்டர்கள் கண்டுபிடித்து ஆட்டமே நின்றுபோய், கோர்ட் வரைக்கும் போய்த் திரும்பி வந்தார். அது தனிக் கதை. இன்னும் சிலர் எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை. எந்த அணியிலும் அப்படித்தான்.

ஆனால் 2018 ஆகஸ்டில் ஸ்பெயினில் நடந்த ஆட்டம் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. இருபது வயதுக்கு உட்பட்டவர்களின் போட்டி. அணியில் டில்லியில் ஆடிய பலர் இருந்தார்கள். எதிரே அர்ஜென்டினா. அவர்களுக்குப் பயிற்சியாளர் லியோனல் ஸ்கலோனி. நாலு வருஷம் கழித்து மெஸ்ஸியின் அணிக்கு உலகக் கோப்பையை வாங்கிக் கொடுத்த அதே மனிதர். தீபக் டாங்ரி ஆரம்பத்திலேயே ஒரு கோல் போட்டார். இரண்டாம் பாதியில் நம் ஆட்டக்காரர் ஒருவர் சிவப்பு அட்டை வாங்கி வெளியேற, பத்துப் பேராகிவிட்டோம். அந்த நிலையில் அறுபத்தெட்டாவது நிமிஷத்தில் அன்வர் அலி ஃப்ரீ கிக்கில் இரண்டாவது கோல் போட்டார். அடுத்த நிமிஷம் ஒன்றும் நடக்கவில்லை. நாலு நிமிஷம் கழித்து அர்ஜென்டினா ஒரு கோலைத் திருப்பியது. அதற்கடுத்த நிமிஷமும் ஒன்றும் நடக்கவில்லை. ரெஃப்ரீ விசில் ஊதும்வரை அப்படியே ஓடிற்று, பத்துப் பேருடன், இரண்டுக்கு ஒன்று என்று.