திரும்பி வந்த கதை

அனுப்பிய சிறுகதை திரும்பி வந்துவிட்டால், நம் இளைஞர்களிலே பலர் இரண்டிலொன்றைச் செய்கின்றனர். ஒருவர், "நேரம் சரியில்லை" என்று பெருமூச்செறிகிறார். மற்றவர், "வேண்டியவர்களுக்குத்தான் இடம்!" என்று சீறுகிறார். பின்னவரின் சினத்திலே நியாயம் இல்லாமலில்லை. ஆள் பார்த்துப் பரிமாறும் வழக்கம் இலக்கியப் பந்தியிலும் உண்டு. ஆனால், திரும்பி வந்த தாளின் ஓரத்திலே ஆசிரியர் தம் கையால் ஒரு வரி எழுதியிருந்தால்? அதைச் சான்றாகக் கொண்டு ஆராயாமல் சீறுவதற்கும், சாதகக் கட்டைப் புரட்டுவதற்கும் வேறுபாடு யாது?

அமெரிக்க எழுத்தாளர் ஸ்டீபன் கிங்கை எடுத்துக்கொள்வோம். பேய்க்கதைக்காரரையா பகுத்தறிவாளர்க்குக் காட்டுவது என்று நகைக்க வேண்டாம், தோழர்களே! பேயை அவரிடமே விட்டுவிட்டுத் தொழிலை மட்டும் பெற்றுக்கொள்வோம். 1947-இல் பிறந்து, தாயின் உழைப்பிலே வளர்ந்தவர் அவர். பள்ளிச் சிறுவனாக இருந்தபோதே ஏடுகளுக்குக் கதை அனுப்பினார். வந்த மறுப்புச் சீட்டுகளைச் சுவரிலே ஆணியடித்துக் கோத்து வைத்தார். பதினான்கு வயதிலே, ஆணி பாரம் தாங்காமற்போகவே, பெரிய ஆணியாக அடித்தாராம்! ஒரு சீட்டிலே, தாள்களுக்கு ஸ்டேப்ளர் அடிக்காமல் கிளிப் போட்டு அனுப்புக என்ற அறிவுரை மட்டுமே இருந்தது. அதையும் கற்றார்.

1966-இல் வந்த சீட்டுத்தான் அவரை மாற்றியது. கதை மோசமில்லை, ஆனால் ஊதிப் பருத்திருக்கிறது. முதற்படியிலே பத்திலொரு பங்கைக் குறைத்தால் இரண்டாம் படி கிடைக்கும் என்பது அதன் கருத்து. அந்தக் கணக்கை அட்டையிலே எழுதித் தட்டச்சுப் பொறியருகே ஒட்டிக்கொண்டார். உடனே கதைகள் விலைபோயினவா? இல்லை. ஆசிரியர்கள் கைப்பட எழுதும் குறிப்புகள்தாம் பெருகின. 2000-இல் வெளிவந்த தம் நூலிலே அவரே இவற்றைக் கூறுகிறார். மறுப்பிலும் படிகள் உண்டென்பதும், ஒரு படியிலிருந்து மறுபடிக்கு ஏறியதே முன்னேற்றமென்பதும் அந்த இளைஞருக்குப் புரிந்திருந்தது.

நம் பக்கத்துக்கு வருவோம். மகாராஜபுரத்து இளைஞர் ஒருவர் கதை எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மேற்கே கண்ணைக் குளிர்விக்கும் மலை, விடுவாரா? முகிலுக்கும் முகட்டுக்குமாக இரண்டு பக்கம். அடுத்து, வத்திராயிருப்புச் சாலையிலே சதுரகிரிக்குச் செல்லும் பக்தர் கூட்டம். அதைக் கிண்டல் செய்து ஒரு பக்கம். நமக்கு இனிக்கத்தான் செய்கிறது, ஆனால் கதைக்கு அது எதற்கு? நான்காம் பக்கத்திலேதான் தோப்பிலே கூலி குறைத்துத் தரப்பட்ட பெண் வருகிறாள். உள்ளங்கையிலே காசை எண்ணுகிறாள், மறுமுறையும் எண்ணுகிறாள். கதை பிறக்கும் இடம் அதுவே! கடைசியிலோ அவளே மாநாட்டு மேடையேறியவள்போல் அடுக்குமொழியிலே முழங்குகிறாள். மேடைக்கு அணியாக நின்ற அடுக்குமொழி, காசை எண்ணி நிற்பவளின் வாயிலே ஒட்டுமா?

"நான்காம் பக்கத்திலே தொடங்குக, முழக்கத்தை நீக்குக, மீண்டும் அனுப்புக" என்று ஓர் ஆசிரியர் எழுதினால், கொள்கையை வெட்டச் சொன்னார் என்று கொதிப்பது அறிவுடைமை ஆகாது. கொள்கையை மறைத்து நிற்கும் கொழுப்பைத்தான் அவர் வெட்டச் சொல்கிறார். கதையை எழுதி முடித்தபின் தொடக்கத்தையும் முடிவையும் அடித்துவிட வேண்டுமென்று செகாவ் சொன்னதாக புனின் எழுதிவைத்ததும் இதைத்தான்.

ஊர் சிறிது என்ற தயக்கமும் வேண்டாம். இதே விருதுநகர் மாவட்டத்து மேலாண்மறைநாட்டிலே, ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, சிறு கடை நடத்தியபடியே எழுதிய மேலாண்மை பொன்னுச்சாமி, 'மின்சாரப் பூ' சிறுகதைத் தொகுதிக்காக 2007-இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றார்.

எனினும், ஊக்கமொழியை வரமென்று கொள்வதும் மூடநம்பிக்கையே. பதினாறு வயதளவிலே கிங் எழுதிய 'தி நைட் ஆஃப் தி டைகர்' என்னும் கதையை, திறமை இருக்கிறது, மீண்டும் அனுப்புக என்ற குறிப்புடன் ஓர் ஏடு திருப்பியது. ஆண்டுகள் பல கழித்து, நாவல்களால் பெயர் பெற்றபின், அதே கதையைத் திருத்தி அதே ஏட்டுக்கு அனுப்பினார், 1978-இல் வெளிவந்தது. கதை திருந்தியதாலா, பெயர் வளர்ந்ததாலா? சிறிது வெற்றி கண்டவர்களிடம் ஏடுகள் அவ்வளவு எளிதாக மறுப்புச் சொல்வதில்லை என்று அவரே குறும்பாக ஒப்புக்கொள்கிறார். திருத்தம் நம் கையில் இருக்கிறது, பெயர் இல்லை. ஆகவே திருத்தத்திலே கைவைப்போம்.

ஏட்டாசிரியர்களிடமும் நமக்கொரு வழக்குண்டு. கதைகள் மின்னஞ்சலிலே பறக்கும் இந்நாளிலே, அஞ்சல்தலைச் செலவுகூட இல்லை. அப்படியிருந்தும், கதை கிடைத்ததா, படித்தார்களா என்பதே தெரியாமல் திங்கள் கணக்கிலே காத்திருக்கும் இளைஞர் எத்தனை பேர்! கதை எந்தப் பக்கத்திலே தொடங்குகிறது என்று அவர்களுக்கு ஒரு வரி எழுதுங்கள், ஐயா.